கப்பலேறுமுன் ஒரு பேதி மாத்திரை

பதினெட்டு வருஷமாகப் பினாங்குக்கும் காரைக்காலுக்கும் கப்பலில் போய்வந்தவன் நான். ஒரு தடவையாவது வாந்தி எடுக்காமல் போனதில்லை. நாகப்பட்டினம் கரை மறைவதற்குள் ஆரம்பித்தால் ஆறு நாளும் நானும் வாளியும்தான். பினாங்கில் என்னோடு கூட்டாகக் கடை வைத்திருந்த மன்சூர் அலி, அங்கே துறைமுகத்தில் என்னைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் "யாரு இது?" என்றுதான் கேட்பான்.

பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போன மறு வருஷம் அந்த விளையாட்டெல்லாம் செல்லாமல் போயிற்று. மலாயாவில் சட்டம் மாறிவிட்டது. திரும்ப நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும், அதில் ஒரு தேதி போட்டிருப்பான். தேதிக்குள் கால் வைக்காவிட்டால் கடையை மறந்துவிட வேண்டியதுதான். என் தேதிக்குள் போய்ச்சேர ஒரே ஒரு கப்பல் பாக்கி இருந்தது. பிணம் மாதிரி போய் இறங்கினால் அங்கிருக்கும் அதிகாரி என்ன சொல்வானோ என்று எனக்கு உள்ளூர உதறல்.

"கோட்டுச்சேரி வைத்தியரப் பாருங்க மச்சான்" என்றாள் என் மனைவி ஆஸியா பீவி. "தூரப் பயணத்துக்குன்னே தனியா மருந்து தர்றாராம்."

தெட்சிணாமூர்த்தி வைத்தியர் கப்பலில் ஏறியவர் இல்லை. காரைக்காலுக்கு பஸ்ஸில் வருவதென்றாலே முன்னால் உட்கார இடம் கேட்பார். ஆனால் கடலைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது.

"கடல் ஆடுறதுனால வாந்தி வரல சாயபு. வயித்துல கெடக்குறது ஆடுது, அதனால வருது. உள்ள ஒண்ணுமே இல்லன்னா எது ஆடும்? சொல்லுங்க பாப்போம்."

எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. அடடா, இத்தனை வருஷமாக இது ஒரு கப்பல் டாக்டருக்கும் தோன்றவில்லையே!

இஞ்சி முரப்பா, நெல்லிக்காய் லேகியம், நார்த்தங்காய் வடகம், தலைக்குத் தைலம் என்று பெட்டி நிறையக் கொடுத்தார். சட்டைக்கு இடம் போதவில்லை. கூடவே இரண்டு பொட்டலம். ஒன்று, கப்பலேறும் நாள் விடியற்காலையில் போட வேண்டிய பேதி மாத்திரை. மற்றது, பேதியை நிறுத்துகிற சூரணம்.

"சூரணத்த மட்டும் கப்பல்ல ஏறி உக்காந்தப்புறம் பிரிங்க. கரையில சாப்பிட்டா வயிறு கரைக்குத்தான் பழகும்" என்றார்.

பெரிய வார்த்தை! நானும் சூரணத்தைப் பெட்டிக்கு அடியில் பத்திரப்படுத்திப் பூட்டிவிட்டேன். கப்பலேறும் நாள் விடியற்காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். பெட்டி சாமான் படகில் முன்னாலேயே கப்பலுக்குப் போய்விட்டது. நான் நாகப்பட்டினம் துறைமுகக் கொட்டகையில், வைத்தியச் சோதனைக்கு வரிசையில் நின்றேன். நின்றேன் என்பது பேச்சுக்கு. வரிசைக்கும் கக்கூசுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

துறைமுக டாக்டர் என்னையே கவனித்திருக்கிறார். "காலையிலேர்ந்து எத்தனை தடவை?" என்றார்.

"பதினொண்ணு சார்" என்றேன். மருந்து வேலை செய்கிறதென்று எனக்குப் பெருமை வேறு.

"வாந்தி?"

"அது வராதுங்க. அது வரக்கூடாதுன்னுதான் இது."

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். சுற்று வட்டாரத்தில் காலரா இருந்த சமயம் அது. "சார், உடம்பு நல்லா இருக்கறதுக்காகத்தான் போவுது!" என்று நான் கத்தக் கத்த, இரண்டு பேர் என்னைப் பிடித்துத் தனிக் கொட்டகையில் தள்ளிவிட்டார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. அப்படி ஒருத்தன் வந்து நின்றால் நானே அவனோடு கப்பலேற மாட்டேன்.

சாயங்காலம் கப்பல் ஊதியது. பாயில் சுருண்டு படுத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். ஐந்தாம் நாள், உனக்குக் காலராவே இல்லை, போகலாம் என்று விட்டார்கள். அடுத்த கப்பலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அது வருவதற்குள் என் சீட்டு வெறும் காகிதம்.

மூன்று வாரம் கழித்து மன்சூர் அலி கடிதம் போட்டான். 'பெட்டி சுகமாக வந்து சேர்ந்தது. லேகியம் அருமை. நீங்கள் இனி வர முடியாதென்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஊரிலிருக்கும் என் தம்பி நாகூர் மீரானிடம் செல்லுகிற சீட்டு இருக்கிறது. கடையில் உங்கள் இடத்துக்கு அவனை வரவழைக்கிறேன். அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. பயணத்துக்கு நாலு நல்ல யோசனை சொல்லி அனுப்பவும்.'

கடிதத்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு கோட்டுச்சேரிக்குப் போனேன். வைத்தியரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவதாக இருந்தேன். அங்கே முதல் ஆளாக உட்கார்ந்திருந்தான் நாகூர் மீரான்.

நான் வாயைத் திறக்குமுன் வைத்தியர் எழுந்துவிட்டார். "வாங்க சாயபு! நீங்களே சொல்லுங்க. என் மருந்து சாப்பிட்டப்புறம் ஒரு வாந்தி எடுத்தீங்களா?"

"கப்பல்லயே ஏறலையேய்யா!"

"அது வேற சங்கதி. எடுத்தீங்களா, இல்லையா?"

"இல்ல."

"கேட்டுக்கிட்டீங்களா!" என்று கூடியிருந்தவர்களைப் பார்த்துக் கையை விரித்தார்.

நாகூர் மீரான் என்னிடம் வந்தான். சாது, பொய் சூது தெரியாதவன், என்னை அண்ணன் முறை வைத்து 'நானா' என்றே கூப்பிடுகிறவன். "நெசமா, நானா? நானும் சாப்பிடட்டுமா?" என்று கேட்டான்.

சட்டைப்பையில் கடிதம் குத்தியது. கடை வாசலில் நான் நட்ட முருங்கை மரமும், அதன் நிழலில் என் நாற்காலியில் இவன் உட்கார்ந்திருப்பதும் கண்ணுக்குத் தெரிந்தன.

"எனக்கு ஒரு வாந்தி வரல, அது நெசந்தான் தம்பி" என்றேன். "தொறமொகத்துல டாக்டர் எதக் கேட்டாலும் மறைக்காதே. எத்தனை தடவன்னு எண்ணி வச்சுச் சொல்லு."

அல்லா என்னை மன்னிக்கட்டும். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது.