இரண்டாயிரம் மடங்கில் மாமாவின் நடை

...கருவியை ஐந்நூறில் வைத்தால் போதுமா, இல்லை நூறுக்கே இறக்கிவிடலாமா, அதைத்தான் யோசிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், ஆனால் யோசனை நகர்ந்தால்தானே, காலையில் கேட்ட அந்த ஒரு வார்த்தையிலேயே நிற்கிறது... சோம்பேறித்தனம். எனக்குத்தாம்மா சோம்பேறித்தனம், என்று மாமா சொன்னார், பிசியோதெரபி பெண்ணிடம், நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும்போதே. அவள் அவருடைய இடது காலைத் தூக்கிப் பார்த்தாள், கெண்டைச் சதை தளர்ந்து தொங்கியது, போன மாசம் நல்லா இருந்துச்சே, நடக்கலையாய்யா என்று கேட்டாள். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். என்ன செய்தேன்? யாருக்கும் இடைஞ்சலாக இல்லாத ஒரு நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டேன். என் மனைவி தன் அப்பாவைத்தான் திட்டினாள், உங்களுக்காக நாங்க எவ்வளவு பாடுபடறோம், நடக்கக்கூட வலிக்குதா என்று... அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார், என் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் தேவலை.

மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இந்தச் சாமான் அறையில்தான் என் பூகம்பமானி இருக்கிறது, நானே செய்தது, ஒரு இரும்புக் கம்பி, அதன் நுனியில் ஈயக் கட்டி, காந்தம், செம்புச் சுருள். தரை அசைந்தால் சுருளில் துளி மின்சாரம் பிறக்கும், அதை ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்கித் திரையில் கோடாகக் காட்டும். எத்தனை மடங்கு பெரிதாக்குவது என்பதுதான் இந்தத் திருகு, நூறு, ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம். நூறில் பக்கத்து நிலநடுக்கம் மட்டும்தான் தெரியும், இரண்டாயிரத்தில் ஏதோ ஒரு கடலுக்கு அடியில் பூமி புரண்டாலும் தெரியும், கூடவே மாடி அறையில் மாமா நடப்பதும் தெரியும். பக்கவாதம் வந்தபிறகு எங்களோடு இருக்கிறார், ஜன்னலுக்கும் கதவுக்குமாக மதியம் நாற்பது தடவை நடக்கவேண்டும், ஒரு கால் ஊன்றும், ஒரு கால் இழுபடும்... திரையில் ஒரு முள், ஒரு கிறுக்கல், ஒரு முள், ஒரு கிறுக்கல். என்னைப்போல வீட்டில் பூகம்பமானி செய்பவர்கள் குழுவில் அந்தப் படத்தைப் போட்டேன், மாடியில யானை வளர்க்கறீங்களா என்று ஒருவர் கேட்டார், நானும் சிரித்தேனே... சிரிக்கிற பொம்மை மூன்று வேறு போட்டேன்.

அன்றைக்கே மாடி ஏறிப் போய்க் கேட்டேன், மாமா, கொஞ்ச நாளைக்கு மதியம் ரெண்டு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் நடக்காம இருக்க முடியுமா, சும்மா ஒரு சோதனைக்குத்தான். அதுக்கென்ன மாப்பிள்ளை, நீங்க உங்க வேலையப் பாருங்க என்றார். நான் திரும்பும்போது, உட்கார்ந்தபடியே காலை ஆட்டலாமில்ல என்று கேட்டார், ஆசிரியரிடம் கேட்பதுபோல. நான் யோசித்தேன், நிஜமாகவே யோசித்துவிட்டு, அதுவும் மெஷின்ல தெரியும் மாமா என்றேன். எவ்வளவு நுட்பமான கருவி என்று பெருமையாக வேறு இருந்தது... சீ. அதன்பிறகு அவர் காலையிலும் நடக்கவில்லை, மாலையிலும் நடக்கவில்லை, எந்த நேரம் ஆகும் எந்த நேரம் ஆகாது என்று என்னிடம் கேட்கத் தயங்கியிருப்பார். மூன்று வாரம் கோடு நூல் பிடித்ததுபோல் ஓடியது. பதினோராம் நாள் தூரத்து நிலநடுக்கம் ஒன்று அழகாக விழுந்தது, குழுவில் எல்லோரும் பாராட்டினார்கள், உங்க வீடு ரொம்ப அமைதியான வீடு போலன்னு ஒருவர் எழுதினார், அதைப் பாராட்டு என்றுதானே எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் நூறுக்கே இறக்கிவிட்டு மேலே போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், கைகள் முழங்கால்மேல், அசையாமல்.

"இனிமே எப்ப வேணும்னாலும் நடங்க மாமா. மெஷினை மாத்திட்டேன்."

"மாத்திட்டா உங்களுக்கு ஒண்ணும் தெரியாமப் போயிடாதா?"

"பரவாயில்ல மாமா."

"சரி மாப்பிள்ளை."

அவ்வளவுதான். மெஷினை மாற்றிவிட்டேனாம், தப்பு செய்தது மெஷின் என்பதுபோல. மன்னிச்சிடுங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மனைவி சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் அவளிடமாவது சொல்லவேண்டும், சொல்வேனா... இதோ கீழே வந்து உட்கார்ந்திருக்கிறேன், கோடு நேராக ஓடுகிறது, நூறில் அவர் நடந்தாலும் நேராகத்தான் ஓடும், நடக்காவிட்டாலும் நேராகத்தான் ஓடும். கை தானாகத் திருகுக்குப் போகிறது, இரண்டாயிரத்துக்கு ஏற்றினால் இப்போதே தெரிந்துவிடும். பன்னிரண்டு படி ஏறினாலும் தெரிந்துவிடும், ஆனால் அங்கே அவருடைய முகம் இருக்கும்... மூன்று வாரமாகத்தான் அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்கிறேனா, அவர் வந்த நாளிலிருந்தேவா?