பஸ்ஸர் அடிக்கிற நேரம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில் வஞ்சுளவல்லியும் சோலைராஜும் மில்களுக்குக் கண்ட்ரோல் போர்டு செய்து கொடுத்தார்கள். பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். இன்றைக்கும் ஈயம் உருகும் வாடை மூக்கில் ஏறினால் அவளுக்கு அந்த மாடிதான் ஞாபகம் வரும்.

முதல் போர்டு, செட்டியார்பட்டிப் பக்கம் ஜகந்நாதன் என்பவருடைய நூல் சுற்றும் மெஷினுக்கு. நூல் சுற்றிக்கொள்ளும் கோன் நிறையப் போகும்போது பஸ்ஸர் அடிக்க வேண்டும். நூல் அறுந்தால் மெஷின் நிற்க வேண்டும். புரோகிராம் சோலைராஜ் எழுதியது. மாடியில் ஒழுங்காக ஓடியது, மில்லில் சில சமயம் நூல் அறுந்தும் மெஷின் நிற்காமல் சுற்றியது.

"சரியாகலேன்னா கழட்டிக் கொண்டுபோயிருங்க" என்றார் ஜகந்நாதன்.

வஞ்சுளவல்லி காலை முழுக்க மெஷின் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். பஸ்ஸர் அடிக்கும்போது அறுந்தால் மட்டும்தான் கோளாறு.

"சோலை, பஸ்ஸர் அடிச்சு முடிக்கிற வரைக்கும் உன் புரோகிராம் சும்மா எண்ணிக்கிட்டே நிக்குது. அந்நேரம் நூலை யாரு பாக்குறது?"

"பஸ்ஸர் நேரத்தைக் கொறைச்சிருவோம்."

"கொறைச்சாலும் அம்புட்டு நேரம் குருடுதானே? எங்கயும் காத்து நிக்கவே கூடாது. டைமர் துடிக்கிறப்பல்லாம் நூலைப் பாத்து, கோனைப் பாத்து, பஸ்ஸர் கணக்குல ஒண்ணக் கழிச்சுட்டு, மறுபடி மொதல்ல இருந்து வரணும்."

"அப்ப நான் எழுதுனது அம்புட்டும் வீணா?" அவன் முகம் சுண்டிப்போனது.

"வீணில்ல. வேலையெல்லாம் சரி. துண்டு துண்டாப் பிரிச்சு அடுக்கணும்."

மாடிக்குத் திரும்பிச் சாயங்காலம் வரை மல்லுக்கட்டினார்கள். புரோகிராம் ஏற்றுகிற சிப்பில் இடம் போதவில்லை. அவன் ஒரு வரியை வெட்ட, அவள் இன்னொன்றை வெட்டினாள். பழைய புரோகிராமை அழிக்கச் சிப்பை ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, டீயும் வடையுமாகச் செத்த நேரம் சிரித்தார்கள்.

மறுநாள் மில்லில் பஸ்ஸர் அலறும்போது அவளே கத்தரியால் நூலை அறுத்தாள். மெஷின் நின்றது.

"இன்னொருக்க அறும்மா" என்றார் ஜகந்நாதன். அறுத்தாள். நின்றது.

"மத்த மெஷினுக்கும் போட்டுருங்க."

திரும்பும்போது சோலைராஜ் சொன்னான்: "இனி நான் எழுதுனா மொத நீ வாசி. நீ எழுதுனா நான் வாசிக்கேன்."

அப்படித்தான் நடந்தது, அவன் பெங்களூருக்குப் போகும்வரை. இப்போது வஞ்சுளவல்லி எழுதுவதை வாசித்துச் சரி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு வரிக்காகச் சாயங்காலம் வரை சண்டை போடத்தான் யாரும் இல்லை.