ஞாயிற்றுக்கிழமை வடம்

நாங்கள் குடியிருக்கும் வீடு வாரத்துக்கு இரண்டு முழம் மேற்கே நகரும். திருப்பூரில் வெளியூர்க்காரர்கள் இருக்கும் வீடுகள் எல்லாமே அப்படித்தான். ஒடிசாக்காரர்களின் வீடு வடகிழக்கே போகும். பீகார்க்காரர்களின் வீடு வடக்கே போகும். எங்கள் தெருவிலேயே தேனிக்காரர் ஒருவரின் வீடு தெற்கே ஒரு சாண் போகும், பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போய்வந்ததும் தானாகத் திரும்பி நின்றுகொள்ளும். எங்கள் ஊர் நைஜீரியாவில் உள்ள அபா. தூரம் அதிகம் என்பதால் இழுப்பும் அதிகம்.

வீட்டுக்காரர் சென்னியப்பன் சாவியைக் கொடுத்த அன்றே இதைச் சொல்லிவிட்டார். பனியன் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருப்பவர். மெஷின் சத்தத்திலேயே இருந்து இருந்து, தேவைக்கு மேல் பேசாத மனிதர்.

"வூடு நகருமுங்க. அதுக்கு நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. ஞாயித்துக்கெழமை தெருவே வந்து இழுத்துக் குடுத்துரும். ஓடையைத் தாண்ட மட்டும் விட்றாதீங்க."

அதற்கு முன்னால் நானும் என் கணவர் ஒபின்னாவும் வீடு கேட்டுப் போன இடங்களில், 'வீடு வாடகைக்கு' என்ற பலகையை எங்கள் கண் முன்னாலேயே கழற்றி உள்ளே எடுத்துப் போனார்கள். சென்னியப்பன் ஒபின்னாவின் உயரத்தை மட்டும் ஏற இறங்கப் பார்த்தார். "நெலை தட்டுமுங்க, குனிஞ்சு வரோணும்" என்றார். அன்றைக்கு நான் வாசலிலேயே அழுதுவிட்டேன். அவர் அதை வீடு பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு வாடகையைக் குறைத்தார்.

ஓடை தெருவின் மேற்குக் கோடியில் இருக்கிறது. எங்கள் வீடு, அதற்கு அடுத்து சென்னியப்பனின் காலி மனை, அதற்கு அடுத்து ஓடை. ஓடையைத் தாண்டிய வீட்டில் வடம் நிற்காது, வழுக்கிவிடும். முன்பு இங்கே இருந்த ஒரு பாலக்காட்டுக் குடும்பத்தின் வீடு அப்படித்தான் தாண்டி, வாளையாறு வழியாகப் போய், இப்போது மாமனார் வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறதாம். அவர்களுக்கு அது சௌகரியம். எங்கள் கதை வேறு. எங்கள் வீடு கடலைத் தாண்டி அபா போய்ச் சேர்ந்தால் எனக்கும் ஒபின்னாவுக்கும் அது சொந்த ஊர். பிள்ளைகளுக்கு வெளியூர். அங்கே போய் நின்றதும் அவர்களுக்காக வீடு கிழக்கே கிளம்பும். பாதி ஆயுள் கடலிலேயே போய்விடும். இந்தத் தெருவில் விழுந்து எழுந்து நடக்கக் கற்ற பிள்ளைகளுக்கு இந்தத் தெரு இல்லாமல் போய்விடுமே என்பதுதான் என்னுடைய ஒரே பயம்.

அதனால் ஞாயிற்றுக்கிழமையை நான் தவறவிட்டதே இல்லை. வேஸ்ட் பனியன் துணியை முறுக்கிச் செய்த வடம் ஒன்று தெருவுக்குப் பொதுவாக இருக்கிறது. மஞ்சளும் சிவப்பும் நீலமும் கலந்து, எந்தக் கோயில் தேருக்கும் அப்படியொரு வடம் கிடையாது. பனியன் துணி என்பதால் கொஞ்சம் இழுபடும். இழுக்கும்போது வீடு ஒரு அடி வந்து அரை அடி பின்வாங்கும். அப்படிப் பின்வாங்காமல் இருக்க அடியில் முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். அந்த வேலை என் மூத்தவள் சிடேராவுடையது. மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். கட்டையை எப்போது வைக்க வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இளையவன் கெலேச்சி "ஏலேலோ" என்று கத்துவதோடு சரி. அவனுக்கு வேலை செய்யச் சோம்பல், ஆனால் வேலை வாங்கத் தெரியும்.

இழுத்து முடித்ததும் எல்லோருக்கும் நான் ஜொலோஃப் சோறு போடுவேன். தக்காளியும் மிளகாயும் அரைத்து எண்ணெயில் சுண்ட வதக்கி, அதில் அரிசியை வேகவைப்பது. எங்கள் நாட்டில் இதற்காகச் சண்டையே போடுவார்கள். தெருவில் அதற்குத் தக்காளிச் சாதம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் திருத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். சட்டி காலியாகிறது, அது போதும்.

மின்சார வாரியத்து லைன்மேன் எங்களுக்கு மட்டும் ஒயரைத் தொங்கலாக விட்டுக் கட்டிக் கொடுத்திருந்தார். தண்ணீருக்கு நீளமான ஹோஸ். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால் மட்டும் சற்று முன்னதாகவே கிளம்ப வேண்டும். இப்படி எந்தக் குறையும் இல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தபோதுதான் மூன்றாவது பிள்ளை பிறந்தான். சோம்டோ என்று பெயர் வைத்தோம். என்னோடு சேர்ந்து கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள் என்று அதற்குப் பொருள். தெரு அவனைப் பார்த்த அன்றே சோமு என்று கூப்பிட்டது.

எங்கள் வழக்கத்தில் பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள அவளுடைய அம்மா வந்து தங்க வேண்டும். வயிற்றுக்கு வெந்நீர் ஒத்தடம், மிளகு போட்ட மீன் சாறு, குழந்தைக்கு எண்ணெய் உருவல் எல்லாம் அம்மா கையால்தான். என் அம்மாவுக்கு மூன்று பிரசவத்துக்கும் விசா கிடைக்கவில்லை. மூன்றாம் முறையும் இல்லை என்றதும் நான் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எதிர்வீட்டுத் துளசிமணி அக்கா வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"உங்கம்மா வந்தா என்னென்ன பண்ணுவாங்கன்னு சொல்லு அம்மிணி. நான் பண்றேன்."

சொன்னேன். எல்லாவற்றையும் செய்தார். அத்தோடு விட்டாரா என்றால் இல்லை, தன் ஊர்ப் பத்தியத்தையும் சேர்த்தே செய்தார். இரண்டு ஊர் வெந்நீரிலும் நான் இரண்டு முறை வெந்தேன். அம்மா போனில் இக்போ மொழியில் திட்டத் திட்ட, அக்கா கொங்குத் தமிழில் பதில் சொல்வார். குழந்தையின் மண்டையை எந்தப் பக்கம் உருவ வேண்டும் என்று இருவரும் ஒருமுறை சண்டைகூடப் போட்டார்கள். அந்த நாட்களில் என் வயிறும் மனசும் நிறைந்திருந்தன. அக்காவுக்கு நான் பட்ட கடனை என் பிள்ளைகளாலும் தீர்க்க முடியாது, தீர்க்க வேண்டும் என்று அவர் நினைக்கவும் இல்லை.

சோம்டோவின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் ஒபின்னா அதைத் தகர மிட்டாய் டப்பாவில் போட்டு அலமாரி மேல் வைத்தார். சிடேராவுடையதும் கெலேச்சியுடையதும் அதற்குள்தான் இருந்தன. குழந்தையின் கொடியைச் சொந்த ஊர் மண்ணில், மரத்தடியில் புதைப்பது எங்கள் வழக்கம். உன் கொடி எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டால், உன் ஊர் எது என்று கேட்பதாக அர்த்தம். அபாவுக்குப் போகும்போது புதைக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தோம். துளசிமணி அக்கா டப்பாவைப் பார்த்துவிட்டு, "நாங்க தாயத்துல போட்டு இடுப்புலயே கட்டிருவோம்" என்றார். உள்ளூர்க்காரர்களின் வீடுகள் ஏன் நகர்வதில்லை என்பது எனக்கு அப்போது தெரிந்தது. அவர்களுக்கு ஊர் இடுப்பிலேயே இருக்கிறது.

அந்த வாரம் வீடு வழக்கமான இரண்டு முழத்தோடு நிற்காமல் காலி மனையின் பாதியைத் தாண்டியது. ஞாயிற்றுக்கிழமை இழுத்து வைத்தார்கள். அடுத்த வாரம் மழை. சனிக்கிழமை காலையில் பார்த்தால் சமையலறை ஓடைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அரிசி களைந்த தண்ணீரை ஊற்ற வெளியே போக வேண்டியதில்லை, அது ஒன்றுதான் வசதி. ஒயர் வீணைத் தந்தியாக விறைத்து நின்றது. நான் சோம்டோவை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய பிள்ளைகள் இருவரையும் ஓடைப் பக்கம் போகாமல் கிழக்கு அறையில் உட்காரவைத்தேன். கனம் அந்தப் பக்கம் இருக்கட்டும் என்று மிக்ஸியையும் அங்கேயே கொண்டுபோய் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்க வந்தது. தீபாவளி ஆர்டர் நேரம். சென்னியப்பன் யூனிட்டையே மூடிவிட்டு ஆட்களைக் கூட்டி வந்திருந்தார். வடம் பிடித்தார்கள். கெலேச்சி கத்தினான். வீடு அசையவில்லை. மறுபடியும் பிடித்தார்கள். வடம்தான் நீண்டதே தவிர வீடு வரவில்லை.

சென்னியப்பன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "உள்ளே என்னமோ கனமா இருக்குதுங்க. எறக்கி வெச்சுட்டு இழுக்கலாம்."

ஃபிரிட்ஜை இறக்கினோம். கட்டிலை இறக்கினோம். அபாவுக்கு அனுப்ப ஒபின்னா வாங்கிவைத்திருந்த பனியன் மூட்டைகளை இறக்கினோம். குழந்தையோடு என்னையும் இறக்கினார்கள். வீடு அப்படியே நின்றது. கடைசியில் அலமாரி மேல் டப்பா மட்டும் மிச்சம். ஒபின்னா கையை நீட்டி எடுக்கப் பார்த்தார். முடியவில்லை. பனியன் மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குகிற மனிதர் இரண்டு கையாலும் பிடித்து, முகம் வியர்த்து, "தம்பிகளா, கொஞ்சம் வாங்க" என்றார். மூங்கில் கட்டி, ஆறு பேர் தோள் கொடுத்து, சப்பரம் தூக்குவதைப் போல அந்த மிட்டாய் டப்பாவை வெளியே கொண்டுவந்தார்கள். காலி மனையின் நடுவில் வந்ததும் தோள் தாங்காமல் இறக்கிவைத்தார்கள்.

டப்பா வெளியே வந்ததும் வீடு லேசாகிவிட்டது. ஒருவர் கை வைத்தாலே வரும்போல் இருந்தது. ஆனால் ஒபின்னா டப்பாவுக்குப் பக்கத்தில் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. வடத்தைக் கையில் பிடித்தபடியே ஆர்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போய் அவர் அருகில் உட்கார்ந்தேன். எங்கள் மொழியில் பேசினார்.

"என் அப்பா என் கொடியை எண்ணெய்ப் பனையடியில் வைத்தார். அவருடையதும் அங்கேதான். பிள்ளைகள் கேட்டால் நான் என்ன சொல்வேன்?"

"சொல்ல வேண்டாம், இங்கேயே வைத்தால் காட்டலாம். செருப்புக்கூடப் போடாமல் நடந்துவந்து பார்க்கலாம்."

அவர் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அப்போது வீட்டடியில் குந்தியிருந்த சிடேரா தலையை வெளியே நீட்டினாள்.

"ஏனுங்கப்பா, கட்டையை எடுக்கட்டுமா, வேண்டாமா? கை வலிக்குது."

ஒபின்னா அவளைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். சென்னியப்பனிடம், "இங்க தோண்டலாமுங்களா?" என்று கேட்டார்.

"தோண்டுங்க. கல்லு மட்டும் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவர் மண்வெட்டி எடுக்கப் போனார்.

குழியை ஒபின்னாவே வெட்டினார். டப்பாவைத் திறந்ததும் கனமெல்லாம் போய்விட்டது. மூன்று கொடிகளும் காற்றில் பறந்துவிடாமல் நான் உள்ளங்கையால் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. துளசிமணி அக்கா தன் வீட்டுக் கொல்லையிலிருந்து தென்னங்கன்று ஒன்றைக் கொண்டுவந்து, கேட்காமலே கொடிகளை இட்ட குழியிலேயே நட்டுவிட்டார். ஒபின்னா அழுதார். நானும் அழுதேன். துக்கம் கொஞ்சம் இருந்தது, நன்றிதான் நிறைய. கெலேச்சி முதல் காய் தனக்குத்தான் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தான்.

சிடேரா கட்டையை எடுத்தாள். வீடு தென்னங்கன்றை ஒதுங்கிக்கொண்டு பழைய இடத்துக்கு வந்து நின்றது.

அதற்குப் பிறகு அது நகரவில்லை. ஒபின்னா மட்டும் நிற்கும்போது மேற்கே கொஞ்சம் சாய்வார். அவருடைய கொடி அபாவில் இருக்கிறது, வேறு என்ன செய்ய முடியும்? என்னுடையதும் அங்கேதான், எனக்குச் சாய நேரமில்லை. நான் அவருக்கு மேற்குப் பக்கம் நின்றுகொள்ளப் பழகிவிட்டேன். பிள்ளைகள் மூன்று பேரும் நேராக நிற்கிறார்கள். சோம்டோ இன்னும் நிற்கவில்லை, ஆனால் நேராகப் படுக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தெரு வழக்கம்போல வடத்தோடு வந்தது. இழுக்க ஒன்றும் இல்லை என்றேன். வந்ததற்குச் சாப்பிட்டுவிட்டுப் போகிறோம் என்றார்கள். அன்றைக்குச் சோறு போதாமல் இன்னொரு சட்டி வைத்தேன்.

கை கழுவிக்கொண்டிருந்தபோது அபாவிலிருந்து அம்மா கூப்பிட்டார்.

"நீங்கள் கொடி புதைத்த நாளிலிருந்து இங்கே என் வீடு கிழக்கே நகர ஆரம்பித்துவிட்டது. காலையில் சந்தையைத் தாண்டியது. பக்கத்து வீட்டில் கயிறு தருகிறேன் என்கிறார்கள். இழுக்கச் சொல்லட்டுமா?"

வீட்டுக்கு யாரும் விசா கேட்பதில்லை.

"வேண்டாம் அம்மா. வரட்டும். கடல் வரும்போது அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்."

சென்னியப்பனிடம் சொன்னேன். தையல் டேப்பை எடுத்துக்கொண்டு காலி மனைக்குப் போனார். "அந்த வூட்டு வாசல் எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டு, குழாய் எங்கே வர வேண்டும் என்று செருப்பால் கோடு போட்டார். லைன்மேனுக்குச் சொல்லியனுப்பினோம். துளசிமணி அக்கா மீன் வாங்க எந்தக் கடை நல்லது என்று விசாரித்துக்கொண்டே தென்னங்கன்றைச் சுற்றி முள் வெட்டி வேலி கட்டினார், வருகிற வீடு அதை மிதித்துவிடக் கூடாது என்று.