வர்தாவும் நோன்பிருந்தாள்

எங்கள் பசு வர்தா செவ்வாய்க்கிழமை சாயங்காலமே கத்துவதை நிறுத்திவிட்டாள். ஆடுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. தொழுவம் எங்கள் வீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் ஆடு மாடுகளின் சூடு பலகை இடுக்கு வழியாக மேலே வந்து எங்களையும் காப்பாற்றும். சூடு வருகிற வழியில்தான் சத்தமும் வரும். ஞாயிற்றுக்கிழமை இரவிலிருந்து அவற்றுக்கு வைக்கோலும் இல்லை, தண்ணீரும் இல்லை. எங்களுக்கும் இல்லை. நினிவே நோன்பு.

யோனா தீர்க்கதரிசி வந்து, நாற்பது நாளில் ஊர் அழியும் என்று சொன்னபோது, நினிவே ராஜா மனிதர்களோடு ஆடு மாடுகளையும் பட்டினி போட்டான் என்று வேதத்தில் இருக்கிறது. அந்த நினிவே எங்கள் மலையை விட்டு இறங்கினால் ஒரு நாள் பயணம்தான். அதனால் எங்களுக்கு அது பழங்கதை இல்லை, பக்கத்து ஊர்ச் சமாச்சாரம். எங்கள் ஊரில் இந்த மூன்று நாளும் தொழுவத்துக்கு மத்தியானம் வரை எதுவும் போகாது. அதற்கு மேல் எல்லாரும் தீனி வைத்துவிடுவார்கள். இந்த வருஷம் எங்கள் வீட்டில் மட்டும் அதுவும் கிடையாது. என் புருஷன் ஓதிஷோ நேர்ந்துகொண்டது அப்படி.

காரணம் எங்கள் மகன் ஷ்லீமோன். போன வருஷம் ஏப்ரலில் ஆப்பிள் தோட்டத்துக்குப் போகிற வழியில் கண்ணிவெடியை மிதித்துவிட்டான். எந்தச் சண்டையில் எவன் புதைத்ததோ. அப்போது அவனுக்கு இருபத்தொரு வயது. இடது பாதம் போய்விட்டது. ஒன்பது நாள் காய்ச்சலில் யாரையும் தெரியாமல் கிடந்தான். ஒன்பதாம் நாள் ஓதிஷோ கோயில் படியில் தலையை முட்டிக்கொண்டு, பிள்ளை பிழைத்தால் அடுத்த நோன்பில் என் வீட்டில் மூச்சு விடுகிற எதுவும் மூன்று நாளும் வாயில் ஒன்றும் வைக்காது என்று சொன்னார். பிள்ளை பிழைத்தான். ஆண்டவரோடு பேசிய பேச்சு. அதில் யார் கை வைக்க முடியும்?

எனக்கு அதற்கும் மேல் ஒரு பயம் இருந்தது. போன வருஷ நோன்பில், இரண்டாம் நாள் காலையில், மத்தியானம் ஆகுமுன்னே நான் வர்தாவுக்கு ஒரு வாளி தண்ணீர் வைத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை பொறுக்காமல் வைத்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. பத்து வாரம் கழித்துத் தோட்டத்துப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. ஓடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது அந்த வாளிக்குத்தான் என்று. தப்பு செய்தவள் நான், கால் போனது அவனுக்கு. இதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயம்.

புதன்கிழமை விடிந்தபோது இடுப்பளவு பனி. நோன்பு என்று மண்கூரை பொறுத்துக்கொள்ளுமா? தள்ளாவிட்டால் உத்தரம் இறங்கிவிடும். மேலே ஏறி மரப்பலகையால் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கூரையில் கத்தூனும் தள்ளிக்கொண்டிருந்தாள். வயிற்றுக்கு நோன்பு இருந்தாலும் அவள் வாய்க்கு நோன்பு கிடையாது.

"ஏன்டி ஷ்மூனி, உங்க மாட்டுக்கு எப்ப ஞானஸ்நானம்? நோன்பெல்லாம் இருக்குது, அடுத்து நற்கருணைதானே!"

"முதல்ல உன் கழுதைக்குக் குடுக்கட்டும். அப்புறம் எங்க மாட்டுக்கு."

"அடியே, வெளையாட்டுக்குச் சொல்லல. நெறமாசம்டி அது. உங்க ஆடுங்க கத்துற கத்துல எங்க வீட்டுல ஒருத்தரும் தூங்கல. ஓடைப் பக்கம் ஓநாய்த் தடம் கெடக்குது, பாத்தியா இல்லியா?"

பார்த்திருந்தேன். ஆண்டவர் கேட்கட்டும் என்றுதான் அவற்றைக் கத்த விடுகிறோம். ஓநாயும் கேட்கும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. பலகையை அப்படியே போட்டுவிட்டுக் கீழே தொழுவத்துக்கு இறங்கினேன்.

வர்தா படுத்திருந்தாள். பனிக்குடம் எப்போது உடைந்ததோ, வைக்கோல் நனைந்து மறுபடி காய்ந்திருந்தது. கன்றின் இரண்டு குளம்பு நுனிகள் வெளியே தெரிந்தன. வலி வரும்போது அவள் வயிறு லேசாக அசைந்து அடங்கியது, அவ்வளவுதான். வாய்க்குள் கை விட்டுப் பார்த்தேன். நாக்கு மரக்கட்டை மாதிரி இருந்தது.

பின்னால், கக்கத்தில் ஊன்றும் கட்டைக்கோலின் சத்தம். ஷ்லீமோன் ஏணிப்படியில் நின்றுகொண்டிருந்தான்.

"அம்மா, தண்ணி குடுக்கலன்னா செத்துரும்."

"மத்தியானம் பூசை முடியட்டும், அதோட நோன்பும் முடிஞ்சுரும்."

"அது வரைக்கும் எங்க தாங்கும்? கன்னும் உள்ளேயே போயிரும்."

"வாய மூடு. மேல போ. நீ இந்தப் பக்கமே வரக் கூடாது, சொல்லிட்டேன்."

அவன் மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றுமில்லை. அவன் வர்தாவின் பக்கத்தில் வருவதே எனக்குப் பயம். சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு ஏறினேன்.

ஓதிஷோ கோயிலில் வேதம் வாசிக்கிறவர். நோன்பு தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே வரவில்லை. பெண்களுக்கான வாசலில் நின்று அவருக்குச் சைகை காட்டினேன். ஒரு சங்கீதம் முடிந்ததும் வெளியே வந்தார். உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது.

"ஷ்லீமோன் அப்பா, கன்னு பாதியில நிக்குது. முக்குறதுக்கு அதுக்குத் தெம்பில்ல. ஒரே ஒரு வாளி தண்ணி. நேந்தது நீங்கதானே, நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க."

"யாருகிட்ட நேந்தேன், மறந்துட்டியா? சந்தையில பேசுன வெலையா இது, கூட்டிக் கொறைக்க?"

"மாடு செத்துரும்ங்க."

"சாவட்டும்." என்றார். இந்த மனிதர் போன குளிர்காலத்தில், தாய் விட்டுப்போன ஆட்டுக்குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியவர். "மாடு போனா மாடு, ஷ்மூனி. ஆண்டவர் கால எடுத்துக்கிட்டு உசுரக் குடுத்தாரு. இன்னும் மூணு மணி நேரம். இந்த மூணு மணி நேரத்துல நான் பேச்சு மாறி, அவரும் பேச்சு மாறிட்டாருன்னா?"

என் பயத்தை அப்படியே எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, திரும்பி உள்ளே போய்விட்டார். நான் பனியில் நாலு இடத்தில் விழுந்து எழுந்து வீட்டுக்கு வந்தேன். வரும்போதே எங்கள் புகைக்குழாயில் புகை கனமாக எழும்புவதைப் பார்த்தேன். மூன்று நாளாகச் சமையல் இல்லாத வீட்டில் இவ்வளவு தீ எதற்கு? மிச்ச தூரத்தை ஓடினேன்.

ஷ்லீமோன் தொழுவத்தில் இருந்தான். ஒரு கக்கத்தில் கட்டைக்கோல், இன்னொரு கையில் வாளி. பனியை உருக்கி, மாவைக் கலந்து, வெதுவெதுப்பாக்கிக் கொண்டுவந்திருந்தான். சாணியில் ஒற்றைக் கால் வழுக்க, ஆவி பறக்கும் வாளியோடு வர்தாவின் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தான். இன்னும் இரண்டு எட்டுதான் பாக்கி.

"வெச்சுராத!"

"நகரும்மா."

"வேணாம்டா. உன் கையால மட்டும் வேணாம்."

வாளியைப் பிடித்து இழுத்தேன். விடவில்லை. கட்டைக்கோல் ஊன்றி ஊன்றி அவன் கைக்கு அசுர பலம் வந்திருந்தது. இருவரும் சண்டைக் கோழிகள் மாதிரி நின்றோம். பாதித் தண்ணீர் என் பாவாடையில் கொட்டியது. அப்போதுதான் அதைச் சொன்னேன்.

"போன வருஷம் நான் குடுத்தேன்டா. மத்தியானத்துக்கு முன்னாடி, இதே மாட்டுக்கு, யாருக்கும் தெரியாம. அதுக்குத்தான் உன் கால் போச்சு. நான் செஞ்சதுக்கே உன்மேல விழுந்துச்சு. நீயே செஞ்சா என்ன விழும்? குடு இங்க."

அவன் என்னையே பார்த்தான். "அம்மா, அன்னைக்கு நான் சோம்பேறித்தனமா குறுக்குவழியில போனேன். அவ்வளவுதான்."

"உனக்கு அதெல்லாம் தெரியாது."

"போனது என் காலும்மா. எனக்குத் தெரியாதா?"

ஆனாலும் கைப்பிடியை விட்டான். நான் சொன்னதை ஒத்துக்கொண்டு இல்லை. நான் அழுதுகொண்டிருந்தேன், அதனால்தான். நான் முழங்காலிட்டு வாளியை வர்தாவின் வாயருகே பிடித்தேன். பிடித்தபடி மேலே பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்: "ஆண்டவரே, இது யாரு கைன்னு நல்லாப் பாத்துக்குங்க. ஷ்மூனியோட கை. பனிய உருக்குனதும் நான்தான். இவன் சும்மா நிக்கிறான்." ஆண்டவரிடமே பொய் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

முதலில் அவள் நாக்கு நனைந்தது. பிறகு மூக்கு முழுதும் வாளிக்குள் போனது. மகனை மேலே அனுப்பி உப்புப் போட்டு இன்னொரு வாளி கொண்டுவரச் சொன்னேன்; படியிலேயே அதை நான் வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வயிறு இறுகியது. குளம்புகளில் கயிற்றைச் சுருக்குப் போட்டு, அவள் முக்கும்போதெல்லாம் இழுத்தேன். ஷ்லீமோன் சுவரில் சாய்ந்துகொண்டு, என் இடுப்பைப் பிடித்து என்னை இழுத்தான். கயிற்றைத் தொட அவனை நான் விடவில்லை. கன்று வந்து விழுந்தது. மூச்சில்லை. மூக்குக்குள் வைக்கோலை விட்டுக் குடைந்தேன். தும்மியது. கிடாரி.

சந்தோஷம் வர வேண்டிய நேரம், வரவில்லை. நான் மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இருக்கிறதா என்று. மேலே வீட்டுக் கூரையில் பனிப் பாரத்தில் உத்தரம் ஒரு தரம் முனகியது. சட்டையைப் பிடித்து அவனை இந்தப் பக்கம் இழுத்துவிட்டேன்.

"என்னம்மா இப்ப?"

"சும்மா நில்லு இங்க."

அப்போது கதவு திறந்தது. ஓதிஷோ. கோயிலில் உடுத்தும் வெள்ளை அங்கியோடு, முழங்கால் வரை பனியோடு நின்றார். மேலே கோயிலில் பாட்டு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. பூசை முடியவில்லை. இருபத்தாறு வருஷத்தில் பாதிப் பூசையில் அவர் எழுந்து வந்ததை நான் பார்த்ததில்லை. கன்றைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"யாரு குடுத்தா?"

"நான்," என்றேன்.

"நான்தான்ப்பா," என்றான் ஷ்லீமோன்.

"பொய் சொல்றான். கை என்னுது."

வாளியின் அடியில் கொஞ்சம் மாவுத் தண்ணீர் கிடந்தது, வர்தாவின் எச்சிலும் வைக்கோலுமாக. ஓதிஷோ குனிந்து வாளியை எடுத்தார். தூக்கி எறியப்போகிறார் என்று நினைத்தேன். எறியவில்லை. வாயில் வைத்துக் குடித்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாக்கு நனைக்காத மனிதர், மாடு குடித்த மிச்சத்தை மடக்மடக்கென்று குடித்தார். தாடியில் வழிந்தது. குடித்துவிட்டு, நான் பார்த்த அதே மேல் பக்கத்தைப் பார்த்தார்.

"நேந்தது நான், ஒடச்சதும் நான். இவங்க ரெண்டு பேருக்கும் இதுல ஒண்ணும் இல்ல. எதுவா இருந்தாலும் எங்கிட்ட வாங்க."

அவர் அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வைக்கோலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அவ்வளவு அன்பும் வந்தது.

ஷ்லீமோன் எங்களைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். எப்போதும் அப்படித்தான் அவன். கட்டைக்கோலை ஊன்றி முன்னால் வந்து வாளிக்குக் கை நீட்டினான்.

"எனக்குக் கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கீங்களா? மூணு நாளா எனக்கும்தான் தாகம்."

"தொடாத!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டோம். கன்று மிரண்டு, எழுந்திருக்க முயன்று விழுந்தது. ஷ்லீமோன் நீட்டிய கையோடு அப்படியே நின்றான். அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனது. கையை மெல்ல இழுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். தோட்டத்திலிருந்து அவனைத் தூக்கி வந்த அன்றுகூட, அவன் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை.