இங்கிலீஷில் ஒரு மகன்

கண்டி டவுனில் இங்கிலீஷ் வகுப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. திரும்பின சுவரிலெல்லாம் விளம்பரம்தான். மூன்றே மாதத்தில் வெள்ளைக்காரனை மாதிரிப் பேசலாம் என்று சத்தியம் பண்ணாத குறை. இராஜகுமாரி போன வகுப்பு அந்த மாதிரிச் சவடால் அடிக்கவில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால், ஒரு துணிக்கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட சேர் ஒருவர் நடத்தினார். யார் எப்படித் தப்பாகப் பேசினாலும் சிரிக்காத மனுசர். அதனாலேயே கூட்டம் குறையவில்லை.

இராஜகுமாரி பன்வில பக்கத்துத் தோட்டத்துக்காரி. வாவிக்கு மேலே இருந்த ஒரு விடுதியில் அறை கூட்டி, படுக்கை விரிப்பு மாற்றும் வேலை. "வெளிநாட்டு ஆளுங்க பேசினா சிரிச்சிக்கிட்டு நிக்காம, போய் ரெண்டு வார்த்த படிச்சிட்டு வா" என்று முதலாளிதான் அனுப்பினார். அவர் சொன்னதற்காக அவள் வகுப்புக்குப் போனாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நினைக்கட்டும்.

உண்மை வேறு. அவளுடைய ஒரே மகன் பிரதீஸ், பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சைக்கு மாடாய் உழைத்துப் படித்துக்கொண்டிருந்தவன், டெங்குக் காய்ச்சலில் போய்விட்டான். பரீட்சை நடந்தபோது அவன் இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் இருக்க முடியாமல்தான் அவள் விடுதி வேலைக்கே வந்தாள். சேர்ந்த புதிதில், அறையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டாள். அந்தக் கேள்வி இராஜகுமாரிக்குப் புரிந்தது. 'சன்' என்ற சொல்லும் தெரியும். செத்துப் போய்விட்டான் என்பதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. "யெஸ். ஒன் சன்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். அந்தப் பெண் முகமெல்லாம் மலர்ந்து சிரித்தாள்.

மகனைப் பற்றிப் பேசி ஒரு முகம் மலர்ந்ததை அவள் பார்த்து எத்தனை காலம். லயத்து வரிசை வீடுகளில் யாரிடம் வாயைத் திறந்தாலும், அவன் பெயர் வருமுன்னே முகம் வாடிவிடும். "பாவம்" என்பார்கள், பேச்சை மாற்றுவார்கள். கடைசியில் கணவன் கறுப்பையாவும் அவளுமே வீட்டில் அவன் பெயரை எடுப்பதை விட்டுவிட்டார்கள். தமிழில் அவனுக்கு இடமே இல்லாமல் போயிற்று.

அதனால்தான் வகுப்பு. குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று சேர் கேட்ட முதல் நாளே எழுந்து நின்று, மை சன் பிரதீஸ், ஹீ இஸ் எ ஸ்டூடன்ட் என்று சொன்னாள். அடுத்த வாரம் அவனுக்குக் கிரிக்கெட் பிடிக்கும் என்றாள். அதற்கடுத்து மீன் பிடிக்கும், கத்தரிக்காய் பிடிக்காது. மற்றவர்கள் சேர் எழுதிப் போட்ட சொற்களைப் படித்தார்கள். இவள் மகனுக்கு வேண்டிய சொற்களைக் கேட்டுக் கேட்டுப் படித்தாள். போகப் போக அவன் பரீட்சை பாஸ் பண்ணினான், கேம்பஸுக்குப் போனான். வகுப்பே கைதட்டியது. பொய் என்றால் பொய்தான், இல்லையென்று சொல்லவில்லை. வாரத்தில் ஒரு காலைப்பொழுது அவன் உயிரோடு இருந்தான், அவ்வளவுதான்.

அந்த வகுப்புக்குத்தான் அகீலா வந்து சேர்ந்தாள். கலகெதர ஊர்ப் பெண், கேம்பஸில் ஆராய்ச்சி செய்கிறவள். வகுப்பில் படிக்கும் இங்கிலீஷை மனிதர்கள் வெளியே எங்கே, யாரோடு பேசுகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வாரா வாரம் பின்வரிசையில் உட்கார்ந்து, எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனில் பதிவு செய்வாள். ஒவ்வொருவராக விசாரித்துப் பார்த்தாள். பஸ்ஸில் சிங்களம், கடையில் சிங்களம், வீட்டில் தமிழ். இங்கிலீஷ் பாவம், மாடிப்படியோடு நின்றுவிடுகிறது. இராஜகுமாரி ஒருத்திதான், "மகன் லீவுக்கு வந்தா அவனோட பேசுவேன் மிஸ்" என்றவள்.

அகீலாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "அக்கா, நீங்க மகனோட பேசுறத நான் ஒரு நாளைக்கு வந்து கேக்கணும். போயா லீவுக்கு அவரு ஊட்டுக்கு வருவாரு தானே?"

"வருவான் மிஸ்" என்றது இராஜகுமாரியின் வாய். அவளைக் கேட்கவே இல்லை.

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். விசயம் வெளியே வந்தால் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். அங்கேயும் "பாவம்" என்பார்கள். போயா என்ற பௌர்ணமி லீவு அன்று காலையில் கறுப்பையா விறகு வெட்டப் போனதும், சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த பிரதீஸின் படத்தைக் கழற்றினாள். பழைய சேலையில் சுற்றி அலுமாரிக்குள் மல்லாக்க வைத்தாள். இரண்டாம் தடவையாகப் பிள்ளையைப் படுக்க வைக்கிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. படத்துக்கு மேலே எரிந்த சின்னச் சிவப்பு பல்பை அணைக்க மறந்துபோனாள்.

அகீலா கேக் பெட்டியோடு வந்தாள். கதிரையில் உட்கார்ந்து போனை மேசையில் வைத்தாள். மகன் சிநேகிதனோடு அவசரமாகப் போய்விட்டான் என்று இங்கிலீஷில் சொல்வதற்கு வாரம் முழுக்கப் பாடமாக்கி வைத்திருந்தாள் இராஜகுமாரி. அதைச் சொல்ல வாயெடுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கறுப்பையா நனைந்தபடி உள்ளே வந்தார்.

அகீலா மரியாதையாக எழுந்து நின்றாள். "மகனப் பாக்கத்தான் வந்தன் ஐயா. அவரு இன்னும் வரல்லியா?"

கறுப்பையா சுவரைப் பார்த்தார். வெறும் ஆணி. அதற்கு மேலே எரிகிற பல்பு. பிறகு மனைவியைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவள் முகம் தெளிந்து வீட்டுக்கு வருவது ஏன் என்று இத்தனை நாளும் கேட்காத மனுசர் அவர். துவாயை எடுத்து மெதுவாகத் தலையைத் துவட்டினார்.

"அவன் டவுனுக்குப் போயிருக்கான் மிஸ்" என்றார். "மழ விட்டதும் வந்துருவான். உக்காருங்க."

இராஜகுமாரி இதை எதிர்பார்க்கவில்லை. இங்கிலீஷில் அவள் எத்தனையோ சொல்லிப் பழகியவள். ஆனால் இது அந்த மனுசர் அதே வாசலில் நின்று, பிள்ளை உயிரோடிருந்த காலத்தில் அடிக்கடி சொன்ன வார்த்தை. அதே குரல். அவளையறியாமல் காது வாசல் பக்கம் போயிற்று. செருப்பை உதறும் சத்தம் வருகிறதா என்று கேட்டது. அவனுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி வைக்க வேண்டுமே என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. மழைச் சத்தம் மட்டும்தான் வந்தது. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"வர மாட்டான் மிஸ்" என்றாள். "அவன் செத்துப்போயி ரெண்டு வருசமாச்சு."

அகீலா பதறிப்போய் போனில் ஓடிய பதிவை நிறுத்தினாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சுக்கங்க அக்கா. எனக்குத் தெரியாம போச்சு. உங்கட பதிவு எல்லாத்தையும் அழிச்சிடுறன். ஒண்ணும் எழுத மாட்டன்."

"அழிச்சிறாதீங்க" என்றாள் இராஜகுமாரி. "இன்னைக்கி உள்ளத வேணும்னா அழிங்க. மத்ததுல அவன் இருக்கான்."

அகீலா சரியென்று தலையாட்டினாள். கறுப்பையா குடை பிடித்துக்கொண்டு அவளை பஸ் ரோட்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வந்தவர் அலுமாரியைத் திறந்து, சேலையைப் பிரித்து, படத்தைத் தன் சட்டையாலேயே துடைத்து ஆணியில் மாட்டினார். மாலையைச் சரிபார்த்தார். பிறகு அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அங்க அவன் என்ன பண்றான்?"

"எங்க?"

"இங்கிலீஷ்ல."

அவள் சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தாள். "கேம்பஸ்ல படிக்கிறான். இன்ஜினியருக்கு."

"ஹாஸ்டலா?"

"ஆமா."

"சோறு ஒழுங்கா சாப்பிடுறானா?"

"மீன் குடுக்கிறாங்களாம்."

"மீனுன்னா விட மாட்டானே" என்றார் கறுப்பையா. மகனைப் பற்றி அவர் வீட்டில் பேசி அவ்வளவு காலமாகியிருந்ததால், சொல்லி முடித்ததும் குரல் உடைந்தது. "எனக்கும் ஒரு தடவ சொல்லு புள்ள. இங்கிலீஷ்லயே சொல்லு. புரியாட்டிப் பரவாயில்ல."

வகுப்பில் நிற்பது மாதிரியே அவள் எழுந்து நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மை சன்" என்று தொடங்கினாள்.

அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் தடங்கலில்லாமல் வந்த வார்த்தை. இன்றைக்கு அதற்கு மேல் வரவில்லை. மறுபடி தொடங்கினாள். மறுபடியும் அதே இடத்தில் அழுகை வந்து மறித்தது. இனி இங்கிலீஷிலும் அவன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கறுப்பையாவுக்கு அது தெரியவில்லை. அடுத்த சொல்லுக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.