ஆறாம் அறைக்கு ஒரு டாட்டா

சனிக்கிழமை பத்து மணி ஆனால் எங்கள் அருங்காட்சியக முற்றத்தில் குழந்தை வண்டிகள் வரிசை கட்டிவிடும். தூங்குகிற கைக்குழந்தைகள், இந்த ஊர் வழக்கப்படி, குளிரில் அங்கேயே தூங்கும். நடக்கத் தெரிந்தவர்களை மட்டும் பெற்றோர் உள்ளே அழைத்து வருவார்கள். ஒரு மணி நேரம், ஏழு ஓவியங்கள், நடுவில் உலர்திராட்சை. அவர்களுக்கு வழிகாட்டியாக ஓடென்ஸ் நகரில் ஒன்பது வருடம் ஓட்டிவிட்டேன்.

சன்னா நவம்பரில்தான் முதலில் வந்தாள். அவள் பையன் ஆஸ்கேவுக்கு ஒன்றரை வயது. அவனுடைய பனி உடுப்பைக் கழற்றிக்கொண்டே, கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். ஓடுகிறான், ஈரல் விழுது பூசிய கறுப்பு ரொட்டியை வெட்டித் தள்ளுகிறான், ஆனால் இதுவரை ஒரு முறைகூட யாருக்கும் கையசைத்ததில்லை. குழந்தைகள் காப்பகத்தில் கையசைக்கும் ஜன்னல் என்று ஒன்று இருக்கிறதே, அதன் கீழே உள்ள பெஞ்சில் காலையில் எல்லாப் பிள்ளைகளும் ஏறி நின்று, வேலைக்குப் போகிற அம்மா அப்பாவுக்கு டாட்டா காட்டும். ஆள் தெருமுனை தாண்டிய பிறகுதான் கீழே இறங்கும். ஆஸ்கே மட்டும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பானாம். ஜனவரியில் மறுபடி பார்க்க வரும்போதும் இப்படியே இருந்தால் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று சுகாதாரச் செவிலி பிரிட்டா சொல்லியிருந்தாள்.

"பரிசோதனைகூடப் பரவாயில்ல, இங்கர்," என்றாள் சன்னா. "நான் போறதே அவனுக்குத் தெரியலையோன்னுதான் பயமா இருக்கு."

ஆறாம் அறையில் ஒரே ஓர் ஓவியம். சாம்பல் நிற உடை போட்ட ஒரு பெண், நமக்கு முதுகைக் காட்டி, ஜன்னலருகே நிற்கிறாள். இரண்டு கைகளும் அவளுக்கு முன்னால் மறைந்திருக்கும். அவள் எதைப் பார்க்கிறாள் என்று நான் வழக்கம்போலக் கேட்டேன்.

"பார்க்கிங் அபராதம் போடறவன் வர்றானான்னு பாக்கறா," என்றான் யெப்பே. இரட்டைக் குழந்தைகளோடு ஒரு வாரம்கூடத் தவறாமல் வருகிற அப்பா அவன்.

சிரிப்பு அடங்குவதற்குள் தரையில் உட்கார்ந்திருந்த ஆஸ்கே கையைத் தூக்கினான். விரல்களை மடக்கி விரித்தான். மறுபடியும் மடக்கி விரித்தான்.

சன்னா கையிலிருந்த திராட்சை டப்பா விழுந்து உருண்டது. நாங்கள் எல்லோரும் அவனைப் பார்த்துக் கையசைத்தோம். அவன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கண் ஓவியத்திலேயே இருந்தது.

வீட்டிலும் காப்பகத்திலும் எதுவும் மாறவில்லை. அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில் மறுபடி காட்டினான். சன்னா அதைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பிரிட்டாவுக்கு அனுப்பினாள்.

மூன்றாவது சனிக்கிழமை மற்றவர்களுக்கு முன்பே வந்துவிட்டாள். முகத்தில் இரத்தமே இல்லை. பிரிட்டா பேசினாளாம். முதலில் சந்தோஷப்பட்டாளாம். பிறகு, அவனுக்கு எதிரே நின்று கையசைத்தது யார் என்று கேட்டாளாம்.

சன்னா படத்தை எனக்குக் காட்டினாள். ஆஸ்கேவின் உள்ளங்கை அவன் முகத்தைப் பார்த்து இருந்தது. சின்னப் பிள்ளைகள் பார்த்ததை அப்படியே செய்யும். எதிரே ஓர் உள்ளங்கை தன்னைப் பார்த்து ஆடினால், தன் உள்ளங்கையையும் தன் பக்கமே திருப்பி ஆட்டும். பயப்பட ஒன்றுமில்லை, போகப் போகச் சரியாகிவிடும், ஆனால் யாரோ காட்டித்தான் அவன் கற்றிருக்கிறான் என்றாளாம் பிரிட்டா.

படத்தில் அவனுக்கு எதிரே ஆள் யாரும் இல்லை. ஓவியத்தில் இருந்தவளின் முதுகுதான்.

கண்ணாடியில் யாருடைய கையாவது தெரிந்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ஓவியத்துக்குக் கண்ணாடி கிடையாது.

வீட்டுக்குப் போய்விடு என்றேன். இங்கே மட்டும்தானே காட்டுகிறான், எப்படிப் போவது என்று கேட்டாள். கொஞ்ச நேரம் பையனின் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றவள், அவனைத் தூக்கிக்கொண்டு நேராக ஆறாம் அறைக்கு நடந்தாள்.

ஓவியத்துக்கும் அவனுக்கும் நடுவே தன் முகத்தைக் கொண்டுபோனாள். அவன் அவளுடைய தோளைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தான்.

"காப்பக ஜன்னல்ல எப்படியோ அப்படித்தான் இங்கயும்," என்றாள் என்னிடம். "யாராவது ஒருத்தர் கிளம்பினாத்தான் இது முடியும்."

பிறகு, காப்பகத்தில் இன்னொரு அம்மாவிடம் பேசுவது போல ஓவியத்திடம் பேசினாள்.

"நாங்க கிளம்பறோம். இவன் என் பையன்."

அவன் கையைப் பிடித்து, உள்ளங்கையை வெளிப்பக்கமாகத் திருப்பி, ஒரே ஒரு முறை அசைத்தாள். ஓவியத்துக்கு முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து வெளியேறினாள். அவர்கள் வாசலைத் தாண்டியதும், ஓவியத்துக்கு முன்னால் இருந்த தரைப்பலகை ஒரு முறை முனகியது. ஆள் மிதித்தால்தான் அது முனகும். நான் சுவரோரமாக நின்றிருந்தேன்.

திங்கட்கிழமை காலை சன்னா தொலைபேசியில் அழைத்தாள்.

"காட்டிட்டான், இங்கர். பெஞ்சுல ஏறி நின்னு, கண்ணாடியில கையை வச்சு, எனக்கே எனக்கு. தெருவுல சைக்கிளைப் பிடிச்சிட்டு நிக்கறேன். அவன் இன்னும் காட்டறான்."

ஜனவரியில் வந்து பார்த்த பிரிட்டா, பரிசோதனை வேண்டாம் என்று எழுதிவிட்டாள். சன்னா அதற்குப் பிறகு அருங்காட்சியகத்துக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. யெப்பேயைத் தவிர எல்லாம் புது முகங்கள். ஆறாம் அறையில், அவள் எதைப் பார்க்கிறாள் என்று கேட்டுவிட்டுக் குழந்தைகளை ஒவ்வொன்றாகக் கவனித்தேன். ஒருவன் ஷூவைக் கடித்துக்கொண்டிருந்தான். இரட்டையர் ஒரு திராட்சைக்காகச் சண்டை போட்டார்கள். யாரும் கையைத் தூக்கவில்லை. மூன்று மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போல இருந்தது. ஓவியத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது.

"இங்கர்," என்றான் யெப்பே பின்னாலிருந்து. இந்த முறை அவன் குரலில் கிண்டல் இல்லை. "யாருக்கு டாட்டா காட்டற?"

குனிந்து பார்த்தேன். என் வலது கை மார்புவரை உயர்ந்திருந்தது. விரல்கள் மடங்கி விரிந்துகொண்டிருந்தன.

உள்ளங்கை என்னைப் பார்த்து இருந்தது.