பரணில் ஏறிய கம்பு

சங்கரசுப்பு செத்துப்போன ஒன்பதாம் நாள் காலையில் அந்தப் பாம்பு வந்தது. அதைப் பாம்பு என்று சொன்னவள் மருமகள் ராஜேஸ்வரி ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் அவர் வந்திருக்கிறார் என்றார்கள்.

அது படுத்திருந்த இடமும் அப்படி. பின்வாசலில், குளியலறையை ஒட்டித் தென்னை மட்டையும் தேங்காய் நாரும் குவிந்து கிடந்த மூலையில், அவருடைய பழைய பூட்ஸ் கிடந்தது. முப்பத்துமூன்று வருஷம் லைன்மேனாகக் கரண்டுக் கம்பம் ஏறி இறங்கிய பூட்ஸ். நல்லபாம்பு அதில் உடம்பைச் சாய்த்துச் சுருண்டிருந்தது. அவர் சம்சாரம் கோமதியம்மாள் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். இரண்டு நாகங்கள் தவம் கிடந்ததாகச் சொல்லுகிற கோயில் உள்ள ஊர் இது. புற்றுமண்ணை நெற்றியில் பூசுவார்கள், நோய்க்கு அதையே கரைத்தும் குடிப்பார்கள். சங்கரன்கோவில்காரி பாம்பைக் கண்டு கும்பிட்டால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஆனால் சங்கரசுப்பு பாம்பைக் கண்டு கும்பிட்டதோடு நிற்கிற ஆள் இல்லை. கம்பம் நிற்கிற புதரெல்லாம் மிதித்தவருக்கு எதில் காலை வைப்பதற்கு முன்னாலும் தட்டிப் பார்க்கிற பழக்கம். கோமதியம்மாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, இருட்டிய பிறகு பின்வாசலுக்குப் போனால் முன்னால் கம்போடு அவர் போவார். நாற்பத்தோரு வருஷம். மழை, காய்ச்சல், சண்டை போட்டு இருவரும் பேசாமலிருந்த நாட்கள், எதிலும் தவறியதில்லை. பேசாவிட்டாலும் கம்பு தரையில் தட்டிக்கொண்டு முன்னால் போகும். மகன் பாண்டியராஜன் படித்த காலத்தில் அவன் சைக்கிள் கூடையைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் அனுப்புவார். பேத்தி இசக்கிசெல்வி பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் தினமும் காலையில் அவளுடைய ஷூ இரண்டையும் கவிழ்த்துப் பின்வாசல் படியில் தட்டுவார். இடதுக்கு மூன்று, வலதுக்கு மூன்று. இந்தத் தட்டல்தான் அந்த வீட்டுக்கு மணி ஏழே முக்கால்.

வீட்டில் கேலிதான். "நேந்துக்கிட்டா போதாதா மாமா" என்று ராஜேஸ்வரி ஒருநாள் கேட்டாள். பாம்பு கண்ணில் பட்டால் வெள்ளியில் பாம்பு உருவம் வாங்கிக் கோயில் உண்டியலில் போடுவதாக நேர்ந்துகொள்வது ஊர் வழக்கம். "நேர்ச்சையும் வேணும், கம்பும் வேணும்ளா" என்றார் அவர். அப்பாவை இழந்து அந்த வீட்டுக்கு வந்தவள் அவள். எட்டு வருஷத்தில் அவளை ஒரு வார்த்தை கடிந்தவர் இல்லை. அவள் குடத்தோடு எதிரே வந்தால், இருமிக்கொண்டே சுவரோடு ஒதுங்கி வழிவிடுவார்.

சித்திரை முழுக்கத் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் கிடந்து, வைகாசியில் போய்ச் சேர்ந்தார். அந்த ஒரு மாதமும் பின்வாசலைத் தட்டிப் பார்க்க ஆளில்லை.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணினால் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள் என்று ராஜேஸ்வரி அன்றைக்கே சொன்னாள். பாண்டியராஜன் அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்தி, அம்மா ஒன்பது நாளாகக் காப்பியைத் தவிர ஒன்றும் தொடவில்லை, இன்றைக்குத்தான் இரண்டு இட்லி சாப்பிட்டிருக்கிறாள், பதினாறாம் நாள் விசேஷம் முடியட்டும் என்றான். ராஜேஸ்வரி எட்டிப் பார்த்தாள். அத்தை மூன்றாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த போனை ராஜேஸ்வரி கீழே வைத்தாள்.

கோமதியம்மாள் தினமும் சட்டியில் பாலும் முட்டையும் கொண்டு வைத்தாள். பாம்புக்குப் பால் வார்த்த கதை தெரியாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? தெரிந்துதான் வார்த்தாள். அந்தப் பாலுக்கு எலி வந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் பின்வாசலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, மனுஷர் குடும்பத்தை விட்டுப் போக மனசில்லாமல் வந்திருக்கிறார் என்று கண்ணைத் துடைத்தார்கள். பதினோராம் நாள் அது துவைக்கிற கல்லடியில் கிடந்தது. அன்றைக்கு ராஜேஸ்வரி மாமாவின் கம்பை எடுத்துத் தட்டிக்கொண்டு குளிக்கப் போனாள். அத்தை ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அவுக கம்பை வச்சே அவுகள விரட்டுதியாட்டி? அவுக பயந்துருவாகல்லா."

கம்பு பரணில் ஏறியது. ராஜேஸ்வரி அன்றிலிருந்து மகளைப் பின்பக்கம் போகவிடவில்லை. ஆறு வயசுப் பிள்ளையை எத்தனை நேரம்தான் பிடித்து வைக்க முடியும்? தாத்தாவைப் பார்க்க வேண்டும் என்று அது வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ராஜேஸ்வரி வெள்ளிப் பாம்பு போடுவதாக ஊர்க்கோயில் கோமதியம்மனுக்கு இரண்டு தடவை நேர்ந்தாள்.

பதிமூன்றாம் நாள் பகலில் வாளியோடு போனவள் குளியலறை வாசலில் நின்றுவிட்டாள். படியில் அது இருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து படம் விரித்தது. சீறியது. பயத்தில், வெட்கத்தை விட்டு, அவளே சொல்லிவிட்டாள்.

"மாமா, நான்தான். வழி விடுங்க."

அது வழி விடவில்லை. படத்தை இறக்காமல் மட்டைக் குவியலுக்கு முன்னால் நின்று ஆடியது. பின்னாலேயே நகர்ந்து வீட்டுக்குள் வந்து விழுந்தாள் ராஜேஸ்வரி. இது மாமா இல்லை என்று அவளுக்கு அப்போது திட்டமாகத் தெரிந்தது. எதையோ காவல் காக்கிறது என்றும் தோன்றியது. என்னவென்று மட்டும் புரியவில்லை. பாண்டியராஜனிடம் அழுதாள். இன்னும் மூன்று நாள்தானே என்றான்.

பதினாறாம் நாள் விசேஷம் நல்லபடியாக நடந்தது. அன்றைக்குப் பாம்பு கண்ணிலேயே படவில்லை. சாப்பிட்டுத் திருப்தியாகப் போய்விட்டார் என்று கோமதியம்மாள் எல்லாரிடமும் சொன்னாள். ராஜேஸ்வரிக்கு அதுதான் கூடுதல் பயமாக இருந்தது. இருக்கிற இடம் தெரிந்த பாம்பைவிடத் தெரியாத பாம்பு மோசம். பாண்டியராஜன், மறுநாள் சாயங்காலம் கட்டாயம் போன் பண்ணுகிறேன் என்று மகள் தலையில் கை வைத்துச் சொன்னான்.

மறுநாள் காலையில் பள்ளி திறப்பு. ராஜேஸ்வரி டிபன் டப்பாவில் எலுமிச்சைச் சாதம் அடைத்துக்கொண்டிருந்தாள். பாண்டியராஜன் முகச்சவரம் செய்துகொண்டிருந்தான். அப்போது பின்வாசல் படியில் அந்தச் சத்தம் கேட்டது.

தட். தட். தட்.

மூன்று பேருக்கும் கேட்டது. மணி ஏழே முக்கால். கோமதியம்மாள் சாமி படத்துக்கு முன்னால் இருந்தவள் அப்படியே எழுந்து நின்றாள். ராஜேஸ்வரி கையிலிருந்த கரண்டியோடு ஓடினாள்.

லீவு முழுக்க ஷூ பின்வாசல் அலமாரியில் அடித்தட்டிலேயே கிடந்திருக்கிறது. யாருக்கும் அது நினைவில்லை. சீருடை போட்ட பிள்ளை, தானே கதவைத் திறந்து, படியில் குந்தியிருந்தது. இடது ஷூ தட்டி முடிந்து பக்கத்தில் இருந்தது. வலது ஷூ கையில் கவிழ்ந்திருந்தது. அதிலிருந்து விழுந்தது படியில் நெளிந்தது. ஒரு சாண்தான் இருக்கும். அந்த ஒரு சாணும் தலையைத் தூக்கி, கட்டைவிரல் அகலத்துக்குப் படம் விரித்தது.

ராஜேஸ்வரி பிள்ளையை அள்ளிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். குட்டி படியை விட்டு இறங்கி மட்டைக் குவியலுக்குள் போய்விட்டது. பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. "தாத்தா இல்லல்லா, அதான் நானே தட்டுனேன்" என்றது.

கோமதியம்மாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அழவில்லை. பூட்ஸைப் பார்த்தாள், பால் சட்டியைப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குள் போய் ஸ்டூலைப் போட்டு, அறுபது தாண்டிய வயசில் அவளே ஏறி, பரணிலிருந்து கம்பை இறக்கினாள்.

"அவுக நாப்பது வருசமா தட்டுனதை நான் நிறுத்திப்புட்டேன் மக்கா" என்று மருமகளிடம் சொன்னாள். "அது அவுக இல்ல. எம் புத்தி ஏன் இப்படிப் போச்சு."

சாயங்காலம் வரை யாரும் காத்திருக்கவில்லை. தீயணைப்பு வீரர்கள் ஒன்பது மணிக்கு வந்து மட்டைக் குவியலைப் பிரித்தார்கள். அடியில் எலிவளையில் தாய் இருந்தது. இடுக்கியில் பிடித்துச் சாக்கில் போட்டார்கள். ஆம்பளைப் பாம்பு என்று ஊரே கும்பிட்டது தன் முட்டைகளுக்குக் காவல் கிடந்திருக்கிறது. காய்ந்த முட்டை ஓடுகளைப் படியில் வரிசையாக வைத்து எண்ணினார்கள். பதினெட்டு. வீட்டை அலசிப் பிடித்த குட்டிகள் பதினொன்று. மிச்சம் வெளியே போயிருக்கலாம், எதற்கும் பார்த்து நடங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வீட்டு மூலைகளில் புற்றுமண் தூவியாகிவிட்டது. உண்டியலில் வெள்ளிப் பாம்பும் விழுந்துவிட்டது. இப்போது பொழுது சாய்ந்தால் கோமதியம்மாள் கம்போடு முன்னால் போகிறாள், பின்னால் மருமகள், பேத்தி. தலையணையைத் தட்டுகிறார்கள், பாயைத் தட்டுகிறார்கள், அரிசிப் பானையை எட்டியிருந்தே தட்டுகிறார்கள். தட்டிவிட்டு மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இன்னும் ஏழு இருக்கிறது.